சின்ன ஹெலிபேடிலிருந்து ஹெலிகாப்டர் ஏன் பின்னோக்கி எழும்புகிறது?

மருத்துவமனை மாடிகளிலும் நெருக்கமான திடல்களிலும் இறங்கி ஏறும் ஹெலிகாப்டர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற ஹெலிகாப்டர் விமானி ஒருவர் இந்த இதழில் பதில் தருகிறார்.

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் மாடியிலிருந்து ஹெலிகாப்டர் புறப்படும் காணொளியைப் பார்த்தேன். அது முன்னோக்கிப் பறக்காமல், மூக்கைத் தளத்தை நோக்கி வைத்தபடியே மெல்லப் பின்னால் நகர்ந்து உயர்ந்தது. நல்ல உயரத்துக்குப் போன பிறகுதான் தலையைத் தாழ்த்தி முன்னால் பாய்ந்தது. இதற்குக் காரணம் என்ன?
— பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

முதன்முறை பார்ப்பவர்களுக்கு விமானி தடுமாறுவதுபோலத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பின்னோக்கிய ஏற்றம், ஒவ்வொரு அடியும் முன்கூட்டியே கணக்கிடப்பட்டு, சோதனை விமானிகளால் ஓர் இன்ஜினின் சக்தியை வேண்டுமென்றே இழக்கச் செய்து சரிபார்க்கப்பட்டு, அந்த ரக ஹெலிகாப்டரின் பறப்புக் கையேட்டில் எழுதப்பட்ட நடைமுறை. அதன் ஒரே நோக்கம், ஏற்றத்தின் எந்த நொடியில் ஓர் இன்ஜின் நின்றாலும் விமானிக்குப் போவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதே.

விமான நிலையம் போன்ற திறந்தவெளியில் இது எளிது. ஹெலிகாப்டர் தரையிலிருந்து சில அடி எழும்பி, அந்தத் தாழ்ந்த உயரத்திலேயே முன்னோக்கி வேகம் எடுக்கிறது. வழியில் இன்ஜின் நின்றால் எதிரே கிடக்கும் நீண்ட வெளியில் அப்படியே தரைதொட்டு ஓடி நின்றுவிடலாம்; போதிய வேகம் வந்த பிறகு நின்றால் மீதமுள்ள இன்ஜினைக் கொண்டு தொடர்ந்து ஏறிவிடலாம். மருத்துவமனை மாடியிலோ நான்கு புறமும் கட்டடம் சூழ்ந்த திடலிலோ ஓடுவதற்கு நீளம் கிடையாது. மிஞ்சியிருக்கும் ஒரே திசை மேலே.

அப்படியானால் நேர் செங்குத்தாக ஏறலாமே என்று கேட்கத் தோன்றும். ஏறலாம், சில ரகங்களுக்கு அத்தகைய நடைமுறையும் உண்டு. அதில் உள்ள தொல்லை, எழும்பிய சில நொடிகளிலேயே தளம் வயிற்றுக்கு அடியில் மறைந்துவிடுகிறது என்பது. நூறடி உயரத்தில் இன்ஜின் நின்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு சதுரத்தின் மேல் விமானி துல்லியமாக இறங்கியாக வேண்டும். பின்னோக்கி ஏறும்போது அந்தச் சதுரம் எப்போதும் முன்கண்ணாடியின் அடிப்பகுதியிலோ, பாதங்களுக்கு முன்னால் இருக்கும் கீழ்க்கண்ணாடியிலோ தெரிந்துகொண்டே இருக்கும்.

விமானியறைக்குள் அந்த அரை நிமிடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதலில் சில அடி உயரத்தில் மிதந்து நின்று, இரு இன்ஜின்களின் டார்க் (சுழற்றும் விசை) அளவுகளையும் பார்த்து, இந்த எடைக்கு இந்த வெயிலில் எவ்வளவு சக்தி செலவாகிறது, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று விமானி கணிக்கிறார். கணக்கில் வந்ததும் கருவியில் தெரிவதும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே இறக்கிவிடுவார். ஒத்துப்போனால் ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும், இடது கையிலுள்ள காலெக்டிவ் நெம்புகோலைச் சீராக உயர்த்தி, அதை வேண்டிய திசையில் சாய்க்கும், வலது கையிலுள்ள சைக்ளிக் பிடியை இம்மியளவு பின்னுக்கு இழுக்கிறார். தளத்தின் 'எச்' எழுத்து மெல்லச் சிறுத்துக்கொண்டே போகிறது. அது கண்ணாடியில் கீழே நழுவினால் பின்நகர்வு போதவில்லை, மேலே ஏறினால் அளவுக்கு மீறிப் பின்னால் போகிறோம் என்று பொருள். பக்கத்தில் இருக்கும் இணை விமானி கருவிகளை மட்டும் பார்த்து, உயரத்தை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டே வருகிறார். குறித்த உயரம் வந்ததும் 'டி.டி.பி.' என்கிறார். புறப்பாட்டைத் தொடர்வதா, திரும்புவதா என்று முடிவெடுக்கும் புள்ளி அது.

அந்தப் புள்ளிக்கு முன்னால் இன்ஜின் நின்றால் திரும்பித் தளத்தில் இறங்குவது ஒன்றே வழி. அதற்குப் பின்னால் நின்றால் தொடர்ந்து பறப்பது ஒன்றே வழி. அந்த நொடியில் யோசிப்பதற்கு நேரம் இருக்காது என்பதால், யோசனை முழுவதும் தரையிலேயே முடிக்கப்படுகிறது. டி.டி.பி. எந்த உயரத்தில் அமையும் என்பது ரகத்தையும் சுற்றியுள்ள தடைகளையும் பொறுத்தது; நூறு அடியை ஒட்டியும் இருக்கலாம், உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த இடமானால் சில நூறு அடியும் இருக்கலாம்.

பின்னோக்கி ஏறுவதில் இன்னும் இரண்டு நன்மைகள் உண்டு. திரும்பி இறங்க நேர்ந்தால் ஹெலிகாப்டர் முன்னோக்கிச் சரிவாக இறங்குகிறது. அதனால் தன் ரோட்டார் (தலைக்கு மேல் சுழலும் இறக்கைகள்) கீழே தள்ளிய காற்றுச் சுழலுக்குள்ளேயே நேராக விழும் ஆபத்து குறைகிறது. தொடர்ந்து பறக்க நேர்ந்தால், வேகத்துக்காக உயரத்தை இழக்கும் அந்தச் சில நொடிகள் தடைகள் இல்லை என்று தெரிந்த தளத்துக்கு மேலாகவே கழிகின்றன. இதற்கான விலை, பின்னால் என்ன இருக்கிறது என்று விமானியால் பார்க்க முடியாது என்பது. ஆகவே பின்புறத்தில் மரம், விளக்குக் கம்பம், கட்டுமானக் கிரேன் எதுவும் இல்லை என்பதை முன்பே அளந்து உறுதிசெய்திருக்க வேண்டும். பக்கத்து மனையில் ஒருநாள் புதிதாக முளைக்கும் கிரேன் அந்த ஹெலிபேடின் கணக்கு முழுவதையும் புரட்டிப்போட்டுவிடும். இதை மருத்துவமனை நிர்வாகங்கள் பல நேரங்களில் உணர்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

பெரிய ஹெலிகாப்டர்களில் இரண்டு இன்ஜின்கள் இருக்கின்றனவே! ஒன்று நின்றால் மற்றொன்று தாங்கிக்கொள்ளாதா? இவ்வளவு கவலை எதற்கு?
— வங்கி ஊழியர், திருச்சிராப்பள்ளி

தாங்கும், ஆனால் எல்லா வேகத்திலும் தாங்காது. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

ஹெலிகாப்டருக்கு மிக அதிகமாகச் சக்தி தேவைப்படும் நிலைகளில் ஒன்று, அசையாமல் அந்தரத்தில் நிற்பது. அப்போது ரோட்டார், அசைவற்ற காற்றைத் தானே பிடித்துக் கீழே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். முன்னோக்கி நகரத் தொடங்கி ஏறத்தாழ 16 முதல் 24 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தை எட்டும்போது, ரோட்டாருக்குள் புதிய காற்று பக்கவாட்டிலிருந்து வரத் தொடங்குகிறது. தேவையான சக்தி சட்டென்று குறைகிறது. 60, 70 நாட் வேகத்தில் அது மிகக் குறைந்த அளவை எட்டுகிறது; பல ரகங்களில், அந்தரத்தில் நிற்கத் தேவைப்படுவதில் ஏறத்தாழப் பாதியே போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரு இன்ஜின்களும் சேர்ந்து தரும் சக்தியை 100 என்று கொள்வோம். நல்ல எடையோடு அந்தரத்தில் நிற்க 90 தேவை. ஓர் இன்ஜின் நின்றால் மிஞ்சுவது 50. மீதமுள்ளதை அவசர அளவுக்கு முடுக்கினால் 60 அல்லது 65 கிடைக்கலாம். அந்தரத்தில் நிற்க அது போதாது. ஹெலிகாப்டர் இறங்கத்தான் செய்யும். ஆனால் 60 நாட் வேகத்தில் அதே ஹெலிகாப்டருக்கு 45, 50 போதும் என்பதால், அங்கே அது மிச்சச் சக்தியோடு ஏறவே செய்யும். ஆக, ஆபத்து முழுவதும் சுழியத்துக்கும் சுமார் 40 நாட்டுக்கும் இடைப்பட்ட அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அதைக் கடப்பதற்கு விமானியிடம் இருக்கும் செல்வம் உயரம் ஒன்றே. மூக்கைத் தாழ்த்தி, உயரத்தைச் செலவழித்து வேகத்தை வாங்குகிறார். உயரத்தை மட்டுமே கொண்டு 40 நாட் வேகம் பெற வேண்டுமானால், பள்ளியில் படித்த ஆற்றல் சமன்பாட்டின்படி ஏறத்தாழ 22 மீட்டர், அதாவது சுமார் 70 அடி இறங்க வேண்டும். மீதமுள்ள இன்ஜினும் உதவுவதால் உண்மையில் இழப்பு இதைவிடக் குறையலாம். டி.டி.பி. ஏன் அவ்வளவு உயரத்தில் வைக்கப்படுகிறது என்பது இப்போது விளங்கும்.

அந்த 'அவசர அளவு' என்பதற்கும் கண்டிப்பான வரையறை உண்டு. பல நவீன இன்ஜின்களுக்கு, மற்ற இன்ஜின் நின்றபோது மட்டும் பயன்படுத்தத்தக்க 30 நொடி அளவு, 2 நிமிட அளவு என்று தனித்தனி உச்சங்கள் சான்றளிக்கப்பட்டிருக்கின்றன. வேறு சிலவற்றுக்கு இரண்டரை நிமிட அளவு உண்டு. முதல் 30 நொடியில் தளத்தைச் சுற்றியுள்ள தடைகளைத் தாண்டுவதும், அடுத்த 2 நிமிடத்தில் பாதுகாப்பான வேகத்தையும் உயரத்தையும் எட்டுவதும் இதன் நோக்கம். அந்த 30 நொடிச் சக்தியை ஒருமுறை பயன்படுத்திவிட்டால், விதிக்கப்பட்ட ஆய்வும் பராமரிப்பும் முடியாமல் அந்த இன்ஜினை மீண்டும் பறக்கவிட மாட்டார்கள்; அந்த அளவுக்கு அது வதைபட்டிருக்கும்.

இரண்டு இன்ஜின் என்பதே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு 2013 நவம்பர் 29 இரவு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த விபத்து ஒரு துயரமான சான்று. இரட்டை இன்ஜின் கொண்ட இ.சி.135 வகைக் காவல்துறை ஹெலிகாப்டர் ஒரு மதுக்கூடத்தின் கூரைமேல் விழுந்து, உள்ளே பறந்த மூவரும் கீழே இருந்த ஏழு பேரும் இறந்தனர். பிரதான தொட்டியில் எரிபொருள் இருந்தது. ஆனால் அதை இன்ஜின்களுக்கு ஊட்டும் சிறு தொட்டிகளுக்கு அனுப்பும் பம்புகளின் சுவிட்சுகள் அணைந்திருந்தன. ஊட்டத் தொட்டிகள் வற்றியதும் முதலில் ஒன்று, சற்று நேரத்தில் மற்றொன்று என இரு இன்ஜின்களும் நின்றன. இன்ஜின்கள் இரண்டானாலும், அவை ஒரே காரணத்தால் நிற்கக்கூடுமானால் கணக்கில் அவை ஒன்றே.

இன்ஜின் நிற்பது எத்தனை முறைதான் நடக்கப்போகிறது? மிக அரிதான ஒன்றுக்காகப் பயணிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது சரியா?
— பயண முகவர், சென்னை

அரிதுதான். இன்றைய டர்பைன் இன்ஜின்கள் மிகவும் நம்பகமானவை. ஐரோப்பிய விதிகள் சில வகைப் புறப்பாடுகளை அனுமதிக்கும்போது, திடீர்ச் சக்தி இழப்பு 1,00,000 இன்ஜின் மணி நேரத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பதையே அளவுகோலாக வைத்திருக்கின்றன. ஆனால் நகரின் நடுவில், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மேலாக அந்த ஒரு முறை நடந்தால் இழப்பு விமானியோடும் பயணிகளோடும் நிற்காது. கீழே நடந்துபோகிறவர் எந்தப் பயணச்சீட்டும் வாங்கவில்லை. எந்த ஆபத்துக்கும் அவர் இசையவில்லை.

இதனால்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஹெலிகாப்டர் இயக்கத்தை மூன்று செயல்திறன் வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. முதல் வகுப்பில், எந்தக் கட்டத்தில் ஓர் இன்ஜின் நின்றாலும் தளத்துக்குத் திரும்பவோ தொடர்ந்து பறக்கவோ இயல வேண்டும். இரண்டாம் வகுப்பில், புறப்பாட்டின் தொடக்கத்திலும் இறக்கத்தின் முடிவிலும் உள்ள சில நொடிகளில் மட்டும் கட்டாயத் தரையிறக்கத்துக்கு வாய்ப்பு உண்டு. மூன்றாம் வகுப்பில், பயணத்தின் எந்த இடத்திலும் அது நேரலாம். ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டர்கள் இயல்பாகவே இதில் சேரும். ஒரே ஹெலிகாப்டர் குறைந்த எடையோடு முதல் வகுப்பிலும், கூடுதலாக நான்கு பேரை ஏற்றினால் இரண்டாம் வகுப்பிலும் பறக்கக்கூடும் என்பதைத்தான் உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டும். ஹெலிகாப்டர் மாறவில்லை, நொடிகள் சிலவற்றில் அதற்கிருந்த புகலிடம் போய்விட்டது, அவ்வளவுதான்.

மும்பைக் கடலில் எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்குப் போய்வரும் பணியாளர்கள் இதை நன்கு அறிவார்கள். அந்த மேடைகளின் தளத்தில், எவ்வளவு பெரிய ஹெலிகாப்டர் இறங்கலாம் என்ற மீட்டர் அளவும், எத்தனை டன் வரை தாங்கும் என்ற எண்ணும் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். அங்கே பின்னோக்கி ஏறுவதற்குப் பின்புறம் முழுக்க இரும்புக் கோபுரமாக இருப்பதும் உண்டு. விமானி நேராக எழும்பி, ஓர் உயரத்தில் மூக்கைத் தாழ்த்தித் தளத்தின் விளிம்பைத் தாண்டிக் கடலுக்கு மேல் போகிறார். எழும்பிய பின், விளிம்பைத் தாண்டும் முன் இருக்கும் அந்தச் சில நொடிகளில் இன்ஜின் நின்றால் வால் விளிம்பில் மோதும் ஆபத்து உண்டு. அந்த நொடிகளை எப்படிக் குறைப்பது என்பதே கடல்சார் விமானிகளின் தீராத விவாதம்.

கேதார்நாத் யாத்திரையின்போது ஹெலிகாப்டரில் ஏறுமுன் எங்களை ஒவ்வொருவராக எடைபோட்டார்கள். என் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சில கிலோவுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

தேவை, அம்மா. கேதார்நாத் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். மெலிந்த காற்றில் ரோட்டாரின் பிடி குறைகிறது. அதே மெலிந்த காற்றை மூச்சாக இழுக்கும் டர்பைன் இன்ஜினின் சக்தியும் குறைகிறது. இரண்டு பக்கமும் அடி விழும்போது, கீழே குப்தகாசியில் பொருட்டாகவே இல்லாத 15 கிலோ அங்கே மேலே மிதந்து நிற்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும் அளவாகிவிடுகிறது.

வெப்பமும் இதையே செய்கிறது. கடலோரத்தில் இருக்கும் ஓர் ஊரில் 40 டிகிரி வெயில் அடிக்கும்போது, அங்குள்ள காற்று ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கும் காற்றைப் போல மெலிந்திருக்கும். காலை ஏழு மணிக்கு ஐந்து பேரோடு புறப்பட்ட அதே ஹெலிகாப்டர், பிற்பகல் இரண்டு மணிக்கு மூன்று பேரோடுதான் புறப்படும் என்று விமானி சொன்னால் அது பிடிவாதம் இல்லை. இரட்டை இன்ஜின் ஹெலிகாப்டரை முதல் வகுப்பில் இயக்குவதானால் கணக்கு இன்னும் இறுகும்: ஓர் இன்ஜினோடு பாதுகாப்பான புறப்பாட்டு வேகத்தில் நிமிடத்துக்குக் குறைந்தது 100 அடியும், ஆயிரம் அடி உயரத்தில் நிமிடத்துக்கு 150 அடியும் ஏற முடிய வேண்டும். இந்த ஏற்றம் கிடைக்கும் எடைக்கு மேல் ஒரு பெட்டியைக்கூட ஏற்றக் கூடாது.

கேதார்நாத் தடத்தில் பறப்பவை பெரும்பாலும் ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டர்கள். 2025 ஜூன் 7 அன்று, அந்தத் தடத்தில் கீழே உள்ள ஒரு தளத்திலிருந்து ஐந்து யாத்ரீகர்களோடு எழும்பிய ஹெலிகாப்டரில் புறப்பட்ட உடனேயே தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட, விமானி அதை நெடுஞ்சாலையிலேயே இறக்கினார். வால் பகுதி முறிந்து அங்கே நின்றிருந்த காரின்மீது சாய்ந்தது. விமானி காயமுற்றார், பயணிகள் உயிர் தப்பினர். தளத்தை விட்டு எழும்பியதும் இறங்க ஓர் இடம் அருகில் இருந்தது என்பதே அன்று அவர்களைக் காத்தது. உங்கள் மூட்டையைத் திருப்பி அனுப்பியவரை மனதார வாழ்த்துங்கள்.

ஒரே ஓர் இன்ஜின் கொண்ட ஹெலிகாப்டரில் அது நின்றுவிட்டால் கல்லைப்போல விழுந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், நாகர்கோவில்

உண்மையில்லை. போதிய உயரமோ வேகமோ இருந்தால் அது இன்ஜின் இல்லாமலே பத்திரமாக இறங்கும். தணக்கு மரத்தின் இரட்டைச் சிறகுள்ள காய் சுழன்று சுழன்று இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தத்துவம் ஏறத்தாழ அதுவே. இன்ஜின் நின்றதும் விமானி ஓரிரு நொடிகளுக்குள் காலெக்டிவை முழுவதும் கீழே இறக்கிவிடுகிறார். இறக்கைகளின் சாய்வு குறைந்து, கீழிருந்து மேலாக வரும் காற்றே ரோட்டாரைச் சுழற்றத் தொடங்குகிறது. இதை 'ஆட்டோரொட்டேஷன்' என்கிறோம். தரையை நெருங்கியதும் மூக்கை உயர்த்தி வேகத்தைக் கொல்கிறார். கடைசியில் சுழலும் ரோட்டாரில் சேர்ந்திருக்கும் ஆற்றலைக் காலெக்டிவை இழுத்து ஒரே முறை செலவழித்து மெத்தென இறக்குகிறார். ஒவ்வொரு விமானியும் உரிமம் பெறுமுன் இதைப் பயின்றே ஆக வேண்டும்.

ஆனால் இதற்கு உயரமோ வேகமோ வேண்டும் என்றேன் அல்லவா? சில பத்து அடிக்கு மேல், சில நூறு அடிக்குக் கீழ், வேகமே இல்லாமல் நிற்கும் நிலையில் இரண்டுமே இல்லை. தரையை ஒட்டி மிதந்தால் தொப்பென்று அமர்ந்துவிடலாம். மிக உயரத்தில் இருந்தால் விழுந்துகொண்டே வேகம் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் இரண்டும் முடியாது. பறப்புக் கையேட்டில் உயரத்தையும் வேகத்தையும் கொண்டு வரைந்த படத்தில் இந்தப் பகுதி நிழலிட்டுக் காட்டப்பட்டிருக்கும். விமானிகள் தங்களுக்குள் அதை 'டெட் மேன்ஸ் கர்வ்' (இறந்தவனின் வளைகோடு) என்பார்கள். உயர்ந்த சுவர்கள் சூழ்ந்த திடலிலிருந்து ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டர் செங்குத்தாக எழும்பினால் அந்த நிழலுக்குள் நுழைந்தே வெளியே வர வேண்டும். எவ்வளவு திறமையான விமானியானாலும் அந்த நொடிகளில் இன்ஜினை நம்பித்தான் இருக்கிறார். ஆகவே மாற்றுத் திடல் ஒன்று சற்றுத் தொலைவில் இருந்தாலும், அங்கிருந்து புறப்படுவதே என் தேர்வாக இருக்கும்.

இந்த எண்ணத்தை ஒரு நகரம் முழுமைக்கும் விரித்துப் பார்த்தவர்கள் லண்டன்காரர்கள். நகர மையத்தின் மேல் ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டர்கள் விருப்பப்படி பறக்க முடியாது. தேம்ஸ் ஆற்றை ஒட்டி வகுக்கப்பட்ட பாதையில்தான் போக வேண்டும். நகரின் பேட்டர்சீ ஹெலிகாப்டர் நிலையமும் 1959 முதல் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. இன்ஜின் நின்றால் வீடுகளின் மேல் விழாமல் ஆற்றில் இறங்க ஓர் இடம் இருக்கட்டும் என்பதே காரணம்.

2018-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரக் கால்பந்து மைதானத்திலிருந்து புறப்பட்ட ஹெலிகாப்டர் விழுந்து, அந்தக் கழகத்தின் உரிமையாளர் இறந்தார். அதுவும் பின்னோக்கித்தானே எழும்பியது? அப்படியானால் இந்த முறை பாதுகாப்பானது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
— கால்பந்து ஆர்வலர், புதுச்சேரி

கூர்மையான கேள்வி. 2018 அக்டோபர் 27 இரவு, ஆட்டம் முடிந்த பின், ஏ.டபிள்யூ.169 வகை இரட்டை இன்ஜின் ஹெலிகாப்டர் மைதானத்தின் நடுவிலிருந்து எழும்பி, பின்னோக்கி ஏறி, பார்வையாளர் மாடங்களைத் தாண்டியது. ஏறத்தாழ 250 அடிக்கு மேல் முன்னோக்கிப் பறக்கத் திரும்பத் தொடங்கிய வேளையில் வலப்புறமாகக் கட்டுக்கடங்காமல் சுழலத் தொடங்கியது. சுமார் 430 அடி உயரம் வரை போய், மைதானத்துக்கு அருகில் விழுந்து எரிந்தது. கழகத்தின் உரிமையாளர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபாவும் விமானி உட்பட மற்ற நால்வரும் இறந்தனர்.

பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 2023 செப்டம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கையின்படி, இரண்டு இன்ஜின்களும் காரணமல்ல. வால் ரோட்டாரின் கட்டுப்பாட்டு அமைப்பில் இருந்த ஒரு பேரிங் இறுகிப்போய், அதைச் சார்ந்த இணைப்பு கழன்று, பெடலுக்கும் வால் ரோட்டாருக்கும் இருந்த தொடர்பே அறுந்துவிட்டது. பிரதான ரோட்டார் உடலைத் திருப்ப முயலும் விசையை எதிர்த்து நிற்பது வால் ரோட்டார்; அது கைவிட்டால் ஹெலிகாப்டர் தன்னைத்தானே சுற்றும். வேகமாக முன்னோக்கிப் பறக்கும்போது வால் துடுப்பில் மோதும் காற்று ஓரளவு தாங்கிப்பிடிக்கும். வேகமே இல்லாத அந்த உயரத்தில் தாங்குவதற்கு எதுவும் இல்லை. அந்த நிலையில் விமானியால் காப்பாற்ற வழி இருக்கவில்லை.

எனவே நேர்மையான பதில் இதுதான்: பின்னோக்கிய ஏற்றம் இன்ஜின் நிற்பதற்கு எதிரான காப்பு, வால் ரோட்டார் பழுதுக்கு எதிரான காப்பு அல்ல. இன்னும் சொல்லப்போனால், உயரத்தில் வேகமின்றி இருக்கும் நொடிகளை அது நீட்டிக்கிறது; அந்த நொடிகளில் வால் ரோட்டார் போனால் மற்ற முறைகளைவிட மோசமாகவே முடியும். இருந்தும் விதிகள் இதை ஏற்பதற்குக் காரணம், வால் ரோட்டார் இணைப்புகள் உடையவே கூடாத உறுப்புகளாக வடிவமைத்துச் சான்றளிக்கப்படுகின்றன என்ற நம்பிக்கை. லெஸ்டரில் பொய்த்தது அந்த நம்பிக்கைதான். அதைச் சீர்செய்ய வேண்டிய இடம் வடிவமைப்பும் சான்றளிப்பும் பராமரிப்பும். விசாரணை அறிக்கையின் பரிந்துரைகளும் முதன்மையாகச் சான்றளிப்பு விதிகளையே நோக்கியிருந்தன.

தலைவர்கள் வரும்போது பள்ளி மைதானத்தில் தற்காலிக ஹெலிபேட் அமைத்து, லாரியில் தண்ணீர் தெளிக்கிறார்களே, அது எதற்கு?
— பள்ளி மாணவர், விருதுநகர்

புழுதிக்காக. இறங்கும்போது ரோட்டார் தள்ளும் காற்று புழுதியைக் கிளப்பினால் கடைசிச் சில அடிகளில் விமானிக்குத் தரையே தெரியாமல் போகும். அந்தப் புழுதி இன்ஜினுக்குள் போனால் அதன் உள்ளுறுப்புகளும் தேயும். சுண்ணாம்பில் 'எச்' வரைந்தால் மட்டும் ஹெலிபேட் ஆகிவிடாது. பந்தல் துணி, பிளாஸ்டிக் நாற்காலி, தார்ப்பாய் எதுவும் அருகில் தளர்வாக இருக்கக் கூடாது. சுற்றுச்சுவர் நெருங்கி இருந்தால், கீழே தள்ளிய காற்று சுவரில் மோதித் திரும்ப ரோட்டாருக்குள்ளேயே வந்து, ஏறும் சக்தியைக் குறைத்துவிடும்.

கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதும் மரியாதைக்காக அல்ல. 2022 மார்ச்சில் இங்கிலாந்தின் பிளிமத் நகரில், டெரிஃபோர்ட் மருத்துவமனையின் ஹெலிபேடில் இறங்கிய பெரிய எஸ்-92 ஹெலிகாப்டரின் காற்று, அருகிலிருந்த கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டியைத் தூக்கி வீழ்த்தியது, அவர் இறந்துபோனார். உங்கள் பள்ளியில் ஹெலிகாப்டர் இறங்கினால், காவலர் காட்டும் கயிற்றுக்கு வெளியே நின்று பாருங்கள். கையில் குடையோ தொப்பியோ வேண்டாம்.

அடுத்த மாதம் என் தந்தையை ஏர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரில் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. உறவினர்களாகிய நாங்கள் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?
— வாசகி, சேலம்

உங்கள் தந்தை நலம் பெற வேண்டுகிறேன். மூன்று விவரங்களைக் கேளுங்கள். ஹெலிகாப்டரில் இன்ஜின் ஒன்றா, இரண்டா? புறப்படும் தளத்திலும் சேரும் தளத்திலும், அன்றைய எடையிலும் வெப்பத்திலும், ஓர் இன்ஜின் நின்றால் தளத்துக்குத் திரும்பவோ தொடர்ந்து பறக்கவோ முடியுமா? முடியாதென்றால், அருகில் உள்ள திறந்தவெளித் திடலுக்கு நோயாளியைத் தரைவழி ஆம்புலன்ஸில் கொண்டுபோய் அங்கிருந்து ஏற்றலாமா? பொறுப்பான நிறுவனம் இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும். கேள்வியையே அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் நிறுவனத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இயன்றால் பயணத்தைக் காலை வேளையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும். உடன் செல்வது ஒருவர் போதும் என்று மருத்துவர் சொன்னால் ஒருவரே செல்லுங்கள். மற்றவர்கள் காரில் போய்ச் சேரலாம். வானிலையையோ எடையையோ காட்டி விமானி புறப்பாட்டைத் தள்ளிவைத்தால், தந்தையின் நிலையைச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள். நோயாளி யார், எவ்வளவு அவசரம் என்பது பல நாடுகளில் விமானிக்கு வேண்டுமென்றே தெரிவிக்கப்படுவதில்லை, முடிவு கலங்கிவிடக் கூடாது என்பதற்காக. உங்கள் எடையைக் கேட்கும்போது, உடுத்தியிருக்கும் உடை, செருப்பு, கைப்பை, மருத்துவக் கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்த எடையைச் சொல்லுங்கள்.